எடையை எழுதுகிறீர்கள், வாய்விட்டும் சொல்லுங்கள்: கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். வீட்டு நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பல வருடங்களாக நாய் வளர்க்கிறேன், தெரிந்தவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்களுடைய நாய்களையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நாயோடு அதன் தடுப்பூசி அட்டையும் வந்துவிடும். சமீபத்தில் வந்த ஒரு பீகிள் இன நாயின் அட்டையைப் புரட்டினேன். இரண்டு வயதில் 11 கிலோ. அடுத்த வருடம் 12. அதற்கடுத்து 12.9. இப்போது ஐந்து வயதில் 14. ஒவ்வொரு ஊசிக்கும் நேரே தெளிவான கையெழுத்தில் எடை எழுதியிருக்கிறது. திரும்ப அழைத்துப்போக வந்தவரிடம், "எடையைப் பத்தி டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். "இல்லையே, எல்லாம் நார்மல்னு சொன்னாரே" என்றார்.

60 கிலோ இருந்த ஒரு மனிதர் மூன்று வருடத்தில் 76 கிலோ ஆவதும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே விகிதம்தான். மனிதருக்கு அப்படி ஏறியிருந்தால் எந்த டாக்டரும் பேசாமல் விடமாட்டார். நாய் விஷயத்தில் மட்டும் ஏன் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்? உங்களிடம் நான் கேட்பது இதைத்தான்: நாய் குண்டாகி மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல், முதல் ஒரு கிலோ ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

நாயின் சொந்தக்காரர் கண்ணுக்கு இது தெரியாது. தினமும் பார்க்கிற முகம், தினமும் தடவுகிற முதுகு. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது வித்தியாசமே படாது. வளர்ப்பவர்கள் தங்கள் நாயின் உடம்பைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பார்க்க வருகிறவர்களும் "நல்லா கொழுகொழுன்னு இருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அளவான உடம்போடு இருக்கும் நாயைப் பார்த்தால் "சரியா சாப்பாடு போடறதில்லையா?" என்று கேட்பதும் அதே ஆட்கள்தான். இதற்கு நடுவில் நடுநிலையாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது அந்த நாயை மெஷினில் ஏற்றிப் பார்ப்பதும் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான்.

லேசான சதைதானே என்று விட்டுவிடுவதால் நாய் என்ன இழக்கிறது என்பதை லாப்ரடார் ஆய்வு காட்டியது. உங்களுக்குத் தெரிந்த ஆய்வுதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். நாய் உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை 24 ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தது. முடிவு 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம். மற்றவை 11.2 வருடம். மூட்டுத் தேய்மானத்துக்கு வைத்தியம் தேவைப்பட்ட காலமும் தள்ளிப்போனது: அதிகம் சாப்பிட்டவற்றில் பாதி நாய்களுக்கு 10.3 வயதிலேயே தேவைப்பட்டது, குறைவாகச் சாப்பிட்டவற்றில் பாதிக்கு 13.3 வயதில்தான் தேவைப்பட்டது.

இதில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு எண். நாயைப் பார்த்தும் தடவியும் அதன் சதைக்கு நீங்கள் போடும் உடல் மதிப்பெண், அதிகம் சாப்பிட்ட கூட்டத்துக்குச் சராசரியாக ஒன்பதுக்கு 6.7தான். 4, 5 என்றால் அளவான உடம்பு. 9 என்றால் கடும் பருமன். அப்படியானால் ஏறத்தாழ இரண்டு வருட ஆயுளை இழந்தவை நடக்கவே முடியாத அளவுக்கு ஊதிப்போன நாய்கள் இல்லை. பரிசோதனை மேஜையில் நீங்கள் தினமும் பார்த்து, "பரவாயில்லை, கொஞ்சம் சதை போட்டிருக்கு" என்று விட்டுவிடுகிற நாய்கள் அவை.

சொல்லத் தயங்குவதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்பதும் தெரியும். வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். சொன்னால் சிலர் முகம் சுருங்கும், சிலர் வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்காரரே பருமனாக இருந்தால் இன்னும் சங்கடம். ஆனாலும் உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, வலி ஆகியவற்றோடு ஊட்டச்சத்து நிலையையும் ஐந்தாவதாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொன்னது. காய்ச்சல் இருந்தால் முகம் சுருங்கும் என்று சொல்லாமல் விடமாட்டீர்கள் அல்லவா?

எப்படிச் சொல்வது என்பதற்கு என் யோசனை: வாயால் சொல்வதற்கு முன்னால் அவர்களுடைய கையைப் பிடித்து நாயின் விலாவில் வையுங்கள். விரல்களை மடக்காமல் உள்ளங்கையை மேஜையில் கவிழ்த்து வைத்து, மறு கையால் அந்தப் புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவச் சொல்லுங்கள். அளவான நாயின் விலா அப்படித்தான் இருக்கும், மெல்லிய தோலுக்கடியில் ஒவ்வொன்றாக எண்ணலாம். முஷ்டியாக மடக்கிய மொளி மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தால் நாய் மெலிவு. கையைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் தடவும்போது எலும்பு எங்கோ அடியில் இருக்கிற மாதிரி தோன்றுமே, நாயின் விலாவும் அப்படி இருந்தால் அது சதை போட்டுவிட்டது. அப்புறம் மேலிருந்து பார்த்து இடுப்பு உள்வாங்கியிருக்கிறதா, பக்கவாட்டில் வயிறு மேலேறியிருக்கிறதா என்று காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. அடர்ந்த ரோமம் உள்ள நாய்களில் கண்ணை நம்பவே முடியாது, கைதான் சொல்லும். ஒரு முறை இப்படித் தடவிப் பார்த்தவர் அதற்கப்புறம் உங்களோடு வாதாட மாட்டார், வீட்டிலும் தானாகவே தடவிப் பார்ப்பார். மதிப்பெண்ணையும் எடைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து உணவு. "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினால் எதுவும் நடக்காது. கொஞ்சம் என்பது வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை கிராம் என்று எழுதிக்கொடுங்கள். கப்பால் அளப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே கப்பில் ஒருவர் தலைதட்டிப் போடுவார், இன்னொருவர் கோபுரமாகப் போடுவார். சமையலறைத் தராசு ஒன்று போதும்.

பாக்கெட்டின் பின்னால் இருக்கும் அட்டவணையை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள், அங்கே ஒரு பெரிய தப்பு நடக்கிறது. நாய்க்கு இன்று இருக்கும் எடையைப் பார்த்துத்தான் எல்லோரும் அளவெடுக்கிறார்கள். மேலே சொன்ன பீகிளையே எடுத்துக்கொள்ளுங்கள். 11 கிலோவுக்கு உரிய அளவுக்குப் பதிலாக 14 கிலோவுக்கு உரியதைப் போட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகிறது, அந்தக் கூடுதல் சதையை அப்படியே தாங்கிப்பிடிக்கிறது. இருக்க வேண்டிய எடைக்குத்தான் உணவு. இதை நீங்கள் சொன்னால்தான் தெரியும், பாக்கெட்டைப் பார்த்து யாரும் தாமாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

தட்டில் விழுவது மட்டும் கணக்கில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் 11 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கிலோகலோரி போதும். அதில் தின்பண்டம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நீங்களே சொல்லும் விதி, அதாவது 60. உலர் உணவாகப் பார்த்தால் 16 கிராம் அளவு, ஒரு சின்னக் கைப்பிடி கூட வராது. வீட்டில் நான்கு பேர் இருந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் போட்டால் இது காலையிலேயே தீர்ந்துவிடும். நால்வரில் யாருக்கும் தான் அதிகம் போட்டதாகத் தோன்றாது, நாயும் நால்வரிடமும் இப்போதுதான் முதல் முறை கேட்பது போலத்தான் வந்து நிற்கும். அன்றைக்கு உரியதைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடச் சொல்லுங்கள். வேளை உணவும் அதிலிருந்து, பயிற்சிக்குக் கொடுப்பதும் அதிலிருந்து, பாட்டி பாசத்தில் கொடுப்பதும் அதிலிருந்தே. டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு மேலும் கொடுக்காமல் மனசு கேட்காதவர்களுக்குக் கேரட், பீன்ஸ், வெள்ளரித் துண்டுகள் இருக்கின்றன.

இதையெல்லாம் சொல்ல ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கருத்தடை அறுவைக்கு வரும் நாளைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு உடம்பின் ஆற்றல் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது, தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பை எப்போது கழற்றுவது என்றெல்லாம் பொறுமையாக விளக்கி அனுப்புகிறீர்கள். அதே காகிதத்தில் புது உணவு அளவையும் கிராமில் எழுதிவிடுங்கள். பழைய அளவே வருடக்கணக்கில் தொடர்வதால்தான் பல நாய்கள் ஏறுகின்றன.

லாப்ரடார் வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் பரிவாகப் பேசுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், பசியைக் கட்டுப்படுத்த உதவும் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் கண்டார்கள். அந்த நாய்கள் சராசரியாக இரண்டு கிலோ வரை கூடுதல் எடையோடு இருந்தன. இந்தக் குறை உள்ள நாய்களுக்கு வேளைகளுக்கு நடுவில் பசி அதிகம், ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலும் சுமார் 25 சதவீதம் குறைவு என்று 2024இல் வெளியான ஆய்வு சொன்னது. அப்படிப்பட்ட நாய் கேட்டுக்கொண்டே இருப்பது நடிப்பு இல்லை, அதற்கு நிஜமாகவே பசிக்கிறது. அந்த வீட்டாருக்குக் கண்டிப்பை விட வழிதான் தேவை: அதே அளவைப் பல வேளையாகப் பிரிப்பது, தேடித் தின்னும்படி ஒளித்து வைப்பது, சமையலறைக் கதவைச் சாத்தி வைப்பது.

நடைப்பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். 11 கிலோ நாய் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது பத்துப் பதினைந்து கிலோகலோரிதான். இரண்டு பிஸ்கட்டைக் கரைக்க எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! எடையைக் குறைப்பது முக்கியமாகத் தட்டுதான். ஆனால் தசை கரையாமல் இருக்கவும், மூட்டு இறுகாமல் இருக்கவும், சோபாவில் சலித்துக் கிடக்கும் நாய்க்கு உற்சாகம் வரவும் தினசரி நடை வேண்டும். ஏற்கெனவே கனத்துப்போன நாயைத் திடீரென்று ஓடவிட்டால் முழங்கால் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது, வெயிலில் மூச்சுத் திணறும். ஒரே நீண்ட நடையை விடச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று நடை, குளிர்ந்த நேரத்தில், மோப்பம் பிடிக்க நின்றால் நிற்கவிட்டு. பந்தைத் தூக்கியெறிந்து சடாரென்று திரும்பவைக்கும் விளையாட்டை எடை இறங்கும் வரை தள்ளிப்போடலாம்.

உணவைக் குறைத்தும் எடை இறங்காவிட்டால் தைராய்டு சுரப்புக் குறைவு, குஷிங் நோய் (கார்டிசோல் என்ற ஹார்மோன் மிகுவது) போன்றவை இருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பீர்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இறங்கும் வேகத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டார் மனம் தளராமல் இருப்பார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்றால், 14 கிலோ நாய்க்கு 140 முதல் 280 கிராம். 11 கிலோவுக்கு வந்துசேர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஆனால் பலன் அதற்கு வெகு முன்னாலேயே தெரியும். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய பருமனான நாய்கள், சுமார் ஆறு சதவீதம் இறங்கியதுமே நன்றாக நடக்கத் தொடங்கியதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. 14 கிலோவில் ஆறு சதவீதம் ஒரு கிலோ கூட இல்லை. மாடிப்படி ஏறத் தயங்கிய நாய் மறுபடி ஏறுவதைப் பார்த்துவிட்டால் அந்த வீட்டாருக்கு உங்கள் அறிவுரை தேவைப்படாது.

அது வரைக்கும் தேவைப்படும். அதனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஊசியும் மருந்தும் இல்லாத நாளிலும் நாயைக் கூட்டிவந்து எடை மட்டும் பார்த்துவிட்டுப் போக வழி செய்யுங்கள். நீங்கள் வெளியே வர வேண்டாம், கட்டணமும் வேண்டாம். உங்கள் உதவியாளர் எண்ணைக் குறித்துக்கொண்டு, முந்தைய எண்ணோடு சேர்த்து வாய்விட்டுச் சொன்னால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள். வராதவர்களை அவர் ஒரு தடவை போனில் கூப்பிட்டு விசாரிக்கட்டும்.

அன்புடன்,
நாய் வளர்ப்பவர்களில் ஒருத்தி