ஏழு நத்தைகள் வருகின்றன

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

உன் ஆராய்ச்சிக்கு நீ கேட்ட நத்தைகள் ஏழு கிடைத்தன. மூன்று நாளாக மழை விடவில்லை. நம் காப்பிச் செடிகளின் அடியிலும் கிணற்றுத் திட்டுப் பாசியிலும் தாமாகவே ஊர்ந்து வந்துவிட்டன. கோடையில், ஓட்டின் வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு சருகுக்குள் கிடந்த காலத்தில், நானும் அப்பாவும் ஒரு வாரம் கிளறியும் இரண்டுதான் அகப்பட்டன. அதுவும் குஞ்சுகள். குஞ்சுகளுக்கு இனப்பெருக்க உறுப்பு வளர்ந்திருக்காது, அறுத்தும் பயனில்லை என்று சொன்னாயே. அதனால் இந்தத் தடவை பெரியதாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

நீ எழுதிக் கொடுத்தபடியே செய்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, நத்தைகள் இருந்த ஜாடியில் காற்றுக்கு இடமில்லாமல் ஊற்றி மூடினேன். காலையில் கொம்பெல்லாம் நீட்டியபடி தளர்ந்து கிடந்தன. உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் ஓட்டுக்குள் சுருண்டுவிடும் என்றாய், சரிதான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கோழி அறுப்பவள்தான் நான்; அது குழம்புக்கு. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? "விளக்கேற்றிவிட்டுப் படு" என்றார் அப்பா. ஏற்றினேன்.

மரபணு பார்க்கப் பாதத்தின் நுனியில் அரிசியளவு வெட்டி, நீ அனுப்பிய சின்னக் குப்பிகளில் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பிளேடை மாற்றினேன். குப்பிக்கும் உடம்புக்கும் ஒரே எண்.

புது நத்தை இனம் என்று நீ எழுதிய கட்டுரையை, உள்ளுறுப்பையும் அறுத்துப் பார்க்கச் சொல்லித் திருப்பியவர்மேல் உனக்குக் கோபம். எனக்கென்னவோ அவர் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது. அம்மாப்பேட்டைத் தறி வீட்டில் பிறந்தவள் நான். ஒரே நிறம், ஒரே பார்டர், இரண்டு சேலை. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். உன் தாத்தா திருப்பிப் போட்டு அடிப்பக்கத்து இழையைப் பார்த்துத்தான் எந்தத் தறி என்று சொல்வார். வெள்ளைக்காரர் காலத்தில் நம் நத்தைகளுக்குப் பெரும்பாலும் ஓடுகளை மட்டும் பார்த்துப் பேர் வைத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டவள் நீ. இப்போது நீ அந்த 650 எழுத்து மரபணுத் துண்டை மட்டும் பார்த்துப் புது இனம் என்கிறாய். நத்தைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே மலைக்கு மலை அந்த எழுத்து நிறைய மாறும் என்று சொன்னதும் நீதான். பாவம், அது ஊர்ந்து எத்தனை மலைதான் தாண்டும்! எழுத்து ஒரு சாட்சி. உள்ளுறுப்பும் அதையே சொல்கிறதா பார்.

ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும், திருச்செங்கோட்டு அம்மையப்பன் மாதிரி என்றால் அப்பா இன்னும் நம்பவில்லை. அந்தக் குழாய்கள், இணையும்போது குத்தும் அம்பு இருக்கும் பை எல்லாவற்றையும் ஏழிலும் அளந்து வரை. ஒன்றை அறுத்துவிட்டு முடிவு கட்டாதே. மூன்றாம் எண் ஓட்டில் கீறலே இல்லை. கல்கத்தா விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்கப்போகும், புது இனத்துக்கு அடையாளமான மூல மாதிரியாக அதை வைத்துக்கொள்.

அப்புறம், பேர் விஷயம். என் பேரை வைக்காதே. நான் போனபிறகும் என் பேரில் ஒன்று ஊர்ந்துகொண்டிருக்க வேண்டாம். யாரும் ஏற்கெனவே வைக்காமல் இருந்தால் நம் மலைச்சாமி சேர்வராயன் பேரை வை.

நாளை அப்பா பெங்களூர் வருகிறார். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை ஜாடியை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். காப்பித்தூளும் மிளகும் மஞ்சள் பையில். குப்பிகள் இருப்பது பழைய முறுக்கு டப்பாவில். கூட இருக்கும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு.

அம்மா