கரண்ட் போனா என்ன ஆகும்னு கட்டுரையில சொல்லவே இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல வீட்டுல கடல்மீன் தொட்டி வைக்கிறத பத்தி ஒரு பக்கத்துக்கு கட்டுரை வந்துச்சு, எங்க மண்டபம் பாம்பன் பக்கம் நிறைய பேரு அத வெட்டி வச்சுக்கிட்டாங்க. நல்ல கட்டுரைதான். ஆனா அதுல "ஓட்டை போடாத தொட்டிக்கும் சம்ப் வைக்கலாம், ரிட்டர்ன் பைப்புல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டிட்டா தண்ணி கொட்டாது"ன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டாங்க. முதல் பாதி சரி, ரெண்டாவது பாதிய நம்பி யாராச்சும் வேலைய ஆரம்பிச்சா ஹால் முழுக்க உப்புத்தண்ணிதான். இந்தப் பக்கம் தெரிஞ்சவங்க வீட்டுல இந்த வேலைய செஞ்சு குடுக்கிறவன்ங்கிற முறையில எழுதுறேன், இடம் இருந்தா போடுங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். சம்ப்னா ஸ்டாண்டுக்குள்ள கீழ வைக்கிற இன்னொரு தொட்டி, அழுக்க நுரையா பிரிச்சு எடுக்கிற ஸ்கிம்மர், ஃபில்டர் எல்லாம் அதுக்குள்ள போயிடும், மொத்த தண்ணி அளவும் கூடும், மேல தொட்டி பாக்க சுத்தமா இருக்கும். மேல இருந்து தண்ணி தானா கீழ இறங்கணும், கீழ இருந்து மோட்டார் மேல ஏத்தணும், அப்படி ஏத்துற பைப்புதான் ரிட்டர்ன் பைப், அதுல தண்ணிய ஒரே பக்கம் மட்டும் போக விடுறது நான்-ரிட்டர்ன் வால்வு. தொட்டியில ஓட்டை இருந்தா இறங்குறது சுலபம். ஓட்டை இல்லன்னா விளிம்புல ஓவர்ஃப்ளோ பாக்ஸ் மாட்டி யூ ட்யூப் வழியா சைஃபன்ல இறக்கணும், போட்டுக்கு டீசல் அடிக்கும்போது பேரல்ல இருந்து ட்யூப் போட்டு உறிஞ்சி விடுவாங்கல்ல அதே வித்தைதான். வெறும் ட்யூப தொங்க விட்டா ஆகாது. பாக்ஸ் எதுக்குன்னா, மோட்டார் நின்னாலும் பாக்ஸுக்குள்ள தண்ணி தங்கி யூ ட்யூபோட ரெண்டு முனையும் முங்கியே இருக்கும், சைஃபன் அறுந்து போகாது, மோட்டார் ஓடுனதும் திரும்ப தானா இறங்க ஆரம்பிக்கும்.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டு வெளிய வராது, கொட்டுறது ரெண்டே நேரத்துலதான், ஒண்ணு கரண்ட் போறப்ப இன்னொண்ணு கரண்ட் வர்றப்ப. வாடை சீசன்ல மழை காத்துன்னு கரண்ட் போய் போய் வர்ற ஊர்ல உக்காந்துக்கிட்டு இத சொல்லாம ஒரு கட்டுரை எழுதுறாங்கன்னா எனக்கு புரியல.

கரண்ட் போச்சுன்னு வைங்க. மோட்டார் நிக்கும், ரிட்டர்ன் பைப் வாய் மேல தொட்டியில தண்ணிக்குள்ள முங்கி இருக்குல்ல, அந்தப் பைப்பே ஒரு சைஃபனா மாறி தண்ணிய கீழ இழுக்க ஆரம்பிச்சிரும், வாய் வெளிய தெரிஞ்சு காத்து புடிக்கிற வரைக்கும் நிக்காது. கணக்கு ரொம்ப ஈசி, 1 கன அடி தண்ணி 28 லிட்டர் சொச்சம். 4 அடி நீளம் ஒண்ணரை அடி அகலம் தொட்டின்னா 6 சதுர அடி, அதுல 1 இஞ்ச் தண்ணி இறங்குனா அரை கன அடி, அதாவது 14 லிட்டர். கீழ சம்ப் 3 அடிக்கு 1 அடின்னா மேல 1 இஞ்ச் இறங்குனா கீழ 2 இஞ்ச் ஏறும். பைப் வாய தண்ணி மட்டத்துக்கு 1 இஞ்ச் கீழ வச்சா 14 லிட்டர், பைப்புலயும் பாக்ஸுலயும் கிடக்குறது ஒரு ரெண்டு மூணு லிட்டர், சம்ப்ல 4 இஞ்ச் காலியா விட்டா நிம்மதியா தூங்கலாம். அதே வாய 6 இஞ்ச் ஆழத்துல வச்சா 84 லிட்டர் இறங்கும், சம்ப்ல 12 இஞ்ச் ஏறணும், எங்க ஏறும், தரையிலதான். உங்க கட்டுரை படத்துல பைப் தொட்டியோட பாதி ஆழம் வரைக்கும் போகுது பாருங்க.

வால்வு இருக்கேன்னு கேப்பாங்க. நல்ல தண்ணி லைன்லயே அந்த வால்வு கொஞ்ச நாள்ல ஒழுகும், கடல்தண்ணியில கேக்கணுமா, சுண்ணாம்பு மாதிரி படியும், பாசி புடிக்கும், குட்டி நத்தை ஒண்ணு இடுக்குல உக்காந்தா போதும் மூடாது. வேணும்னா மாட்டிக்கங்க, ஆனா அது இல்லாத மாதிரியே கணக்கு போடுங்க. பைப்புல தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் கீழ சின்னதா ஒரு ஓட்டை போட்டு வைக்கிறதும் நல்லது, மட்டம் இறங்குனதும் காத்து புடிச்சு சைஃபன் அறுந்துரும், ஆனா அந்த ஓட்டையும் பாசியில அடைக்கும், அப்பப்ப குத்தி விடணும்.

கரண்ட் வர்ற நேரம் இதவிட மோசம், இதப்பத்தி கட்டுரையில ஒரு வார்த்தை இல்ல. யூ ட்யூப் உச்சியில காத்துக்குமிழ் கொஞ்சம் கொஞ்சமா சேரும், அதுவும் தண்ணி மெதுவா ஓடுற ட்யூப்ல இன்னும் ஜாஸ்தி. ஒருநாள் கரண்ட் போய் வரும்போது சைஃபன் புடிக்காது. மோட்டாருக்கு அது தெரியுமா, அது பாட்டுக்கு கீழ இருக்கிறத மேல ஏத்திக்கிட்டே இருக்கும், இறங்க வழியில்லாம மேல தொட்டி வழியும். இதுக்கு குமிழ் சேருறது கண்ணுக்கு தெரியிற கிளியர் ட்யூப், ஒண்ணுக்கு ரெண்டா போடுறது, மோட்டார விட இறங்குற அளவு கூடுதலா வைக்கிறது எல்லாம் உதவும். 1 இஞ்ச் ட்யூப் ஒண்ணு மணிக்கு சுமாரா 2000 லிட்டர் இறக்கும், மோட்டார் டப்பாவுல போட்டிருக்க நம்பர் உயரமே இல்லாம ஓடுறப்ப உள்ளது, 4 அடி ஏத்துனா நல்லாவே குறையும். ஆனா இது எல்லாம் தோத்துப்போனாலும் கொட்டாம இருக்கிறதுக்கு ஒரே வழி சம்ப்புக்குள்ள தடுப்பு கண்ணாடி வைக்கிறதுதான். மோட்டார் நிக்கிற அறைய 1 அடிக்கு 1 அடியா சின்னதா தடுத்துட்டீங்கன்னா அதுல மோட்டாரால இழுக்க முடியிற 6 இஞ்ச் தண்ணியும் சேத்து 14 லிட்டர்தான், மொத்தமா மேல போனாலும் 1 இஞ்ச் ஏறும், மேல ஒண்ணரை இஞ்ச் விளிம்பு காலியா இருந்தா அதுக்குள்ள அடங்கிரும், மோட்டார் காத்த இழுத்து கத்தும். அப்படியே விட்டா மோட்டார் கருகும், அதனால தண்ணி மட்டம் இறங்குனா மோட்டார நிறுத்துற ஃப்ளோட் சுவிட்ச் போட்டுக்கங்க, ஆனா சுவிட்ச மட்டும் நம்பி பெரிய அறை வைக்கிறவங்கள நான் ஒத்துக்க மாட்டேன்.

இன்னொண்ணு, ஆவியாகி குறையிறது எல்லாம் அந்த மோட்டார் அறையிலதான் தெரியும். மோட்டார் ஓடும்போது ஒரு கோடு போட்டு வச்சு அதுவரைக்கும் மட்டும் ஊத்தணும், அதுவும் நல்ல தண்ணி, உப்பு ஆவியாகாதுல்ல. நம்ம ஊர் போர் தண்ணியே உப்பு, அதனால கேன் தண்ணிதான். தாராளமா இருக்கட்டும்னு கோட்டுக்கு மேல ஊத்துனா மேல சொன்ன ரெண்டு கணக்கும் காலி.

மீன் விடுறதுக்கு முன்னாடி பகல்ல நின்னு ரெண்டு சோதனை செய்யுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது பிளக்க புடுங்கிட்டு சம்ப் எதுவரைக்கும் ஏறுதுன்னு பாக்கணும். அப்புறம் மோட்டார் ஓடும்போதே யூ ட்யூப கழட்டிட்டு மேல எதுவரைக்கும் ஏறுதுன்னு பாக்கணும், ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும். இந்த ரெண்டாவது சோதனைய செய்யவே நிறைய பேருக்கு பயம், பயமா இருந்தா தொட்டி இன்னும் தயாராகலன்னு அர்த்தம்.

புதுசா தொட்டி செய்யிறவங்க இந்த வம்பே இல்லாம சாதா கண்ணாடியில முன்கூட்டியே டைமண்ட் பிட் வச்சு ஓட்டை போட்டு வாங்கிருங்க. டஃபன்டு கண்ணாடியில, அதாவது சூடு குடுத்து கெட்டியாக்குன கண்ணாடியில மட்டும் கை வைக்காதீங்க, மொத்தமும் நொறுங்கிரும்.

கட்டுரையில சம்ப்புக்குள்ள "கடற்கரையில கிடைக்கிற பவளக்கல்" போடலாம்னும் இருந்துச்சு. அய்யா, மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-லயே வந்தாச்சு, பவளம் 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்து பட்டியல்ல இருக்கு, செத்துப்போய் கரையில ஒதுங்குன கல்லும் சேத்துத்தான். வெளியூர்க்காரர் எழுதியிருப்பார் போல, அத நம்பி எங்க ஊர் பையன் எவனாச்சும் சாக்குல அள்ளிட்டு வந்தா கேஸ் அவன் மேல. செராமிக் வளையம் கடையில கிடைக்குது, தண்ணிய சுத்தம் பண்ற பாக்டீரியா தங்குறதுக்கு அது போதும்.

கரண்ட் போர்டு சம்ப்புக்கு நேர் மேல வேண்டாம், ஒயர் பிளக்குக்கு கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி விடுங்க, கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஈஎல்சிபி கண்டிப்பா வேணும், எங்க பக்கம் உப்புக்காத்துலயே பிளக் பின் பச்சை பூத்துரும்.

கட்டுரையாளர் அந்தப் படத்துல உள்ள தொட்டி அளவு, சம்ப் அளவு, பைப் வாய் எத்தனை இஞ்ச் ஆழத்துல இருக்குன்னு மூணு நம்பர் மட்டும் குடுத்தா அடுத்த வாரம் போடுங்க, மிச்ச கணக்க வாசகர்களே போட்டுக்குவாங்க.

இப்படிக்கு,
மண்டபம் வாசகர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.