ஸ்கைஹாக்கோடு அதன் ஏணியையும் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் பாய லேபார் விமானத் தளம் 2030க்குப் பிறகு இடம் மாறும் என்று 2013 தேசிய தினப் பேரணியில் அறிவித்தார்கள். தளம் மாறும்போது காட்சிக்கு வைத்த நம் ஆகாயப்படையின் பழைய விமானங்களும் இடம் மாற வேண்டியிருக்கும். அவற்றோடு பராமரிப்பு ஏணிகளும் மேடைகளும் போகுமா, பழைய இரும்புக் கடைக்குப் போகுமா என்பதுதான் என் கவலை.

ஸ்கைஹாக் போர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் முதன்முதலில் பறந்த விமானம். நாம் 1970களில் அமெரிக்காவிடமிருந்து பழையதாக வாங்கிப் புதுப்பித்து, 1980களில் இன்ஜினையே மாற்றினோம். இறக்கை எட்டு மீட்டர் சொச்சம்தான். ஆனால் வயிற்றுக்கடியில் பெரிய குண்டு தொங்க வேண்டும் என்று நீண்ட கால்களோடு வடிவமைத்ததால், ஏணி இல்லாமல் விமானி இருக்கையை எட்டவே முடியாது. நம் பயிற்சி ஸ்கைஹாக்கிலோ இரண்டு தனித்தனி விமானி அறைகள், இரண்டு தனித்தனி கண்ணாடி மூடிகள். உலகில் வேறெந்த நாட்டு ஸ்கைஹாக்கும் அப்படி இல்லை.

இறக்கையின் முன் விளிம்பில் ஸ்லாட் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. விமானம் நிற்கும்போது அது தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும். காட்சிக்கு வைத்த ஓர் இடத்தில், சாதாரண அலுமினிய ஏணியை அதன் மேலேயே சாய்த்து வேலை செய்வதைப் பார்த்தேன். பல ஆண்டுகள் விமானப் பராமரிப்பில் இருந்த எனக்கு மனம் பொறுக்கவில்லை. முறையான மேடை தன் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு தானே நிற்கும். எடையை விமானத்தின் மேல் போடாது. கைப்பிடி இருக்கும், விமானத்தைத் தொடும் ஓரத்தில் ரப்பர் இருக்கும்.

வாலின் உச்சி நாலரை மீட்டர் உயரம். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு இங்கே அனுமதிச் சீட்டு தேவை. சரியான மேடை இல்லையென்றால் யாரும் ஏறமாட்டார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது போதும். வடிகால் துளை அடைத்துத் தண்ணீர் தேங்கும், இன்ஜின் காற்று வாயில் மைனா கூடு கட்டும், அப்புறம் உள்ளே அரிப்பு தொடங்கிவிடும்.

பழைய ஏணி, மேடை, ஜாக்கி எது மிச்சமிருந்தாலும் விமானத்தின் பட்டியலிலேயே சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். இல்லாதவற்றை அளவெடுத்துச் செய்ய நம் தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களைக் கேட்கலாம். பார்வையாளர் கண்ணில் படும்படி ஒரு மேடையை விமானத்தின் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அதன் மேல் நின்று வேலை செய்தவர்களில் நம் தமிழர்களும் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர்,
ஈசூன்