ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மலைநாட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் நம் சங்கத்தில், கிளவுன் மீன் போதும், இனி ராஸ் வளர்ப்போம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுத்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்த அறிக்கையில் என் குற்றங்களும் வரும்.

ராஸ் (wrasse) ஒரு கடல்மீன் குடும்பம், கிளிமீனுக்கு நெருங்கிய சொந்தம். 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் தொட்டிகளுக்குச் சரிவருபவை ஃபெயாரி, சிக்ஸ்லைன், லெப்பர்ட் போன்ற சிறியவை மட்டுமே. இவற்றில் பல இனங்கள் பெட்டையாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பிறகு ஆணாக மாறும். கொட்டகலை உறுப்பினர் வாங்கிய மூன்று ஃபெயாரி பெட்டைகளில் ஒன்று அப்படி மாறியதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். மீன் பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. தேநீரும் வடையும் குறைவில்லாமல் கிடைத்தன.

மீன் வாங்க நீர்கொழும்புக்கு இரண்டு தடவை வேன் போனது. ஒட்சிசன் நிரப்பிக் கட்டிய பைகள் கினிகத்தேனை தாண்டும்போதே பலூன் மாதிரி உப்பிவிட்டன. மேலே வரவர வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இப்படி ஆகிறது. இரண்டாவது தடவை கடைக்காரரிடம் சொல்லிக் காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கட்டினோம். இதை முதல் தடவையே யோசித்திருக்கலாம்.

வருடம் முழுக்க நாம் அதிகம் சண்டை பிடித்தது மூடியைப் பற்றித்தான். ராஸ் பயந்தால் துள்ளும். வெளியே போக இரண்டு விரல் இடைவெளி போதும். கொழும்புப் பக்கம் வலை மூடி போட்டால் கதை முடிந்தது, அங்கே தண்ணீர் சூடாவதுதான் தலைவலி. நமக்கு நேரெதிர். 25, 26 பாகை கேட்கும் மீனை, ஆட்களே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் ஜனவரி இரவில் வைத்திருக்கிறோம். வலை போட்டால் சூடு போகும், தண்ணீர் ஆவியாகும், ஜன்னல் கண்ணாடி வியர்க்கும், தொட்டியில் உப்பு ஏறும். கண்ணாடி போட்டால் சூடு நிற்கும், ஆனால் மேல்தண்ணீருக்குப் புதுக் காற்றுப் படாது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அந்தக் கணக்கில் குறையும். உப்புத் தண்ணீரிலும் சூடான தண்ணீரிலும் அது ஏற்கெனவே குறைவு.

தலவாக்கலை உறுப்பினர் கண்ட வழியே கடைசியில் நின்றது. மேலே வலை, சூடு போகாமல் பின்னாலும் இரு பக்கமும் ரெஜிஃபோம் (தெர்மாகோல்) பலகை, ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்னது, மேல்தண்ணீரைக் கலக்க ஒரு பம்ப். ஆவியாகும் அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. மின்கட்டணத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்புறம் என் கதை. சிக்ஸ்லைனை முதலில் விட்டேன். அது தொட்டி முழுவதும் தன் காணி என்று எழுதிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து விட்ட ஃபெயாரியை மூலை மூலையாக விரட்டியது. ஹீட்டர் வயர் போக வலையில் வெட்டிய ஓட்டையை அடைக்க மறந்திருந்தேன். காலையில் ஃபெயாரி தேயிலை டின்னுக்குப் பின்னால், மேசைத் துணியில் ஒட்டிக் கிடந்தது. உடம்பு காய்ந்து வளைந்திருந்தது, வாலோரத்து ஊதா மட்டும் அப்படியே இருந்தது. "கருவாடாயிருச்சுங்க" என்றார் வீட்டம்மா. சண்டைக்கார மீனைக் கடைசியில் விடுங்கள், ஓட்டையை அன்றைக்கே அடையுங்கள்.

டிக்கோயாவில் லெப்பர்ட் வாங்கியவர், நான்கு நாள் மீனைக் காணாமல் அகப்பையால் மணலைக் கிளறிவிட்டார். அது இரவில் மணலுக்குள் தூங்கும் இனம். பயணக் களைப்பில் நாட்கணக்கில் புதைந்தே கிடக்கும். காயத்தோடு பிழைத்தது. இரண்டு அங்குலம் மெல்லிய மணல் போட்டுவிட்டு, பொறுமையாக இருக்க வேண்டும். ஃபெயாரி வேறு மாதிரி: பாறை இடுக்கில் சளிப் பை கட்டிக்கொண்டு தூங்கும். காலையில் அது மிதப்பதைப் பார்த்து நோய் என்று எனக்குப் போன் போட வேண்டாம்.

கிளீனர் ராஸ் யாரும் வாங்குவதில்லை என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மற்ற மீன்களின் மேலிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் மீன் அது. நாலைந்து மீனுள்ள வீட்டுத் தொட்டியில் பட்டினி கிடக்கும்.

பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து மின்சாரம் போய் நாடே இருண்ட அன்று, மின்கல ஏர்பம்ப் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் தொட்டிக்குக் கம்பளி போர்த்தி, குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். மீன் எதுவும் சாகவில்லை, தோள் வலி உண்டு.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் உப்புமானி கடந்த ஓகஸ்டிலிருந்து ஒரு உறுப்பினர் வீட்டில் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, தேநீர் இடைவேளைக்குள் போய் எடுத்து வரலாம், வீடு பக்கத்தில்தான்.

செயலாளர்
ஹட்டன்