பழநிக்கு மாலை போடும்போதே பாதத்தையும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்ததும் பழநிக்கு மாலை போடுகிறவர்கள் விரதம், காவடி, அன்னதானச் செலவு எல்லாவற்றையும் திட்டமிடுகிறார்கள். பாதத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை. திண்டுக்கல் தாண்டியதும் மருத்துவ முகாம்களில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் முதல் தடவை வருகிறவர்கள். அவர்கள் படும் பாட்டில் முக்கால்வாசியை வீட்டிலேயே தடுத்திருக்கலாம். தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. பாதயாத்திரைக் குழுக்களை அழைத்துச் செல்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

மதுரையிலிருந்து பழநி ஏறத்தாழ 120 கி.மீ.; நான்கைந்து நாள் நடை. குன்றக்குடி பக்கமிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாக வருகிறவர்களுக்கு இன்னும் கூடுதல். ஒரு நாள் 25 கி.மீ. நடப்பது திடமான ஆளுக்குப் பெரிய காரியமில்லை. மறுநாள் எழுந்து அதே 25 கி.மீ. நடப்பதுதான் பாடு. அதனால் பயிற்சியிலும் இரண்டு நாள் அடுத்தடுத்து நடந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் 4, 5 கி.மீ. போதும். மூன்றாம் வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் 12, 15 என்று கூட்டுங்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு சனி 20, ஞாயிறு 20. எங்கே உரசுகிறது, எந்த முட்டி பிடிக்கிறது என்பதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். கடைசி நான்கு நாள் ஓய்வு. காவடி எடுப்பவர்கள் காவடியோடுதான் பழக வேண்டும். வெறுந்தோளோடு நடந்த பழக்கம் அதற்கு உதவாது. பூங்காவுக்குள் சுற்றி வருவதும் போதாது. சாலை ஓரம் சரிவாக இருக்கும். ஒரு கால் தாழவே விழுவதால் கணுக்காலும் முட்டியும் வலி எடுக்கும். அந்தச் சரிவிலும் கொஞ்சம் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

வெறுங்காலோடு போவதாக வேண்டிக்கொண்டவர்கள் முதலில் மண் தரையில் அரை மணி, பிறகு சிமென்ட், கடைசியாகத் தார் என்று பாதத்தோலைக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்கு ஒரு மாதமாவது ஆகும். தோல் கெட்டியாவது நல்லது. காய்ந்து வெடிப்பது ஆபத்து. பித்தவெடிப்பு உள்ளவர்கள் இரவில் விளக்கெண்ணெயோ வாசலினோ தடவி, வாரம் இருமுறை கல்லில் தேய்த்துச் சமன்படுத்துங்கள். பனிக்காலத்தில் வெடிப்பு ஆழமாகும். அதில் பொடிக்கல் புகுந்தால் அன்றோடு நடை நின்றது. கால் நகத்தை ஒரு வாரம் முன்பே, ஓரத்தில் வளைக்காமல் நேராக வெட்டிவிடுங்கள். தை மாதம்தானே என்று இருக்க வேண்டாம், பதினொரு மணிக்கு மேல் தார் சுடும். செருப்புக்குப் பதில் காலுறை மட்டும் போட்டுத் தாரில் நடப்பது கூடாது: சீக்கிரம் கிழியும், அதற்குள் வியர்வையில் நனைந்து கொப்புளத்தையும் கொடுத்துவிடும். ஷூ போடுகிறவர்கள் புது ஷூவோடு கிளம்பாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதும் தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. சாக்ஸ், ஷூ போட்டு நடந்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். காலையும் இரவும் உள்ளங்காலை வெளிச்சத்தில் இன்னொருவர் பார்க்க வேண்டும். நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை தானாகவே இறங்கும் என்பதால் மாத்திரை, இன்சுலின் அளவைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி பொறுத்தும் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓரிடம் சிவந்து எரியும். அப்போதே நின்று, காலைத் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் பெரும்பாலும் அதோடு அடங்கும். 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்பவருக்குத்தான் வீங்குகிறது. சிறியதை உடைக்க வேண்டாம். பெரிதாகி விறைத்து நின்றால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் இரண்டு இடம் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் பீட்டாடின் வைத்துக் கட்டுங்கள். சர்க்கரை நோயாளிகள் இதைத் தாங்களே செய்யாமல் முகாமுக்குப் போய்விட வேண்டும். ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அழுக்கு உள்ளே போக அந்த நூலே வழி. நடக்கக் கிளம்புமுன் வெந்நீரில் காலை ஊறவைப்பதும் தப்பு. ஊறிய தோல் சீக்கிரம் பிய்யும். ஊறவைப்பதை இரவு தங்கும் இடத்தில் செய்து, விரலிடுக்குவரை துடைத்துவிட்டுப் படுங்கள். தொடை உரசலுக்குப் புது வேட்டிதான் பெரும்பாலும் காரணம். நான்கு தடவை துவைத்துக் கஞ்சி போன வேட்டியைக் கட்டுங்கள்; புறப்படுமுன் தொடையில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்தி, மாலை நான்கிலிருந்து எட்டரை வரை நடப்பது நல்ல கணக்கு. நள்ளிரவு நடை வேண்டாம். லாரி ஓட்டுகிறவருக்குக் கண் சொருகும் நேரம் அது, பனிமூட்டம் வேறு. பச்சை வேட்டியும் காவியும் இருட்டில் சுத்தமாகத் தெரியாது. முதுகுப் பையிலும் காவடியிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். திண்டுக்கல்லிலிருந்து பழநி வரை நடைபாதை உள்ள இடங்களில் அதைவிட்டு இறங்காதீர்கள். இல்லாத இடங்களில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரம், ஒருவர் பின் ஒருவராக. முன்னால் போகிறவர் கையில் டார்ச், கடைசியில் சிவப்பு விளக்கு. கடைசி ஆள் அனுபவசாலியாக இருக்கட்டும். வழக்கமாக அந்த இடத்தில் நடக்க முடியாதவரை விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீரை இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் வீதம் குடியுங்கள், மொத்தமாகக் கவிழ்க்காதீர்கள். உப்புக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் கொட்டிக் குடித்தால் வயிறு கலங்கும், தாகமும் கூடும். பொட்டலம் இல்லையென்றால் லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளந்து போடுங்கள். அன்னதானப் பந்தலில் சூடாக இருப்பதை மட்டும், அரை வயிற்றுக்குச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு பந்தலிலும் கை நீட்டுகிறவர்தான் ஒட்டன்சத்திரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். முகாமில் கொடுக்கும் வலி மாத்திரையைத் தண்ணீர் குடிக்காமல், வெறும் வயிற்றில், நாளுக்கு மூன்று என்று விழுங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நடையை நிறுத்தித் தண்ணீர் குடிப்பதே வைத்தியம்.

பெண்களுக்கு இதில் ஒரு கூடுதல் கஷ்டம். கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார்கள். நீர்க்கடுப்போடு ஊர் திரும்புகிறார்கள். கோயில் நிர்வாகமும் வழியிலுள்ள ஊராட்சிகளும் ரெட்டியார்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று இடைவெளி விட்டு, தண்ணீரும் விளக்கும் தாழ்ப்பாளும் உள்ள தற்காலிகக் கழிப்பறைகளைக் கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பே வைக்க வேண்டும். பக்தர்களில் பலர் கொடியேறுமுன்பே நடந்து முடித்துவிடுகிறார்கள். நடைபாதையில் முளைத்த நெருஞ்சியையும் கருவேல முள்ளையும் அதே நேரத்தில் அகற்றினால், வெறுங்கால்காரர்கள் தார்ச்சாலைக்கு இறங்க மாட்டார்கள்.

மலையேறும்போது 693 படியும் பக்தி வேகத்தில் தெரியாது. இறங்கும்போதுதான் தொடை நடுங்கி முட்டி மடங்கும். இறங்குவதற்கு, படி குறைந்து சரிவாகப் போகும் யானைப்பாதை நல்லது. மேலே கைபேசிக்கு அனுமதியில்லை என்பதால் அடிவாரத்தில் எங்கே சேர்வது என்பதை ஏறுமுன்பே குழுவுக்குள் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாதயாத்திரைக் குழு வழிகாட்டிகள் சிலர்,
மதுரை மாவட்டம்.