விலை அட்டையில் வைஃபை கார்டின் பெயரையும் எழுதுங்கள்: கொழும்பு லப்டொப் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை என்று காலி வீதி நெடுகிலும் லப்டொப் விற்கும் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

உங்கள் விலை அட்டைகளில் புரொசெசர், ரம், எஸ்எஸ்டி, திரையின் அளவு, தவணைக் கட்டணம், இலவசப் பை எல்லாம் இருக்கின்றன. உள்ளே இருக்கும் வைஃபை கார்ட் எந்தக் கம்பெனியுடையது என்பது மட்டும் இல்லை. விண்டோஸோடு வாங்கி விண்டோஸோடு பாவிப்பவர் அதைப் பார்க்கப் போவதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுகிறவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். கேட்டால், "வைஃபை இருக்கு அண்ணா, எல்லாத்திலயும் இருக்கு" என்கிறார்கள்.

லினக்ஸில் கார்ட் போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் கேர்னல் என்ற அதன் மையப் பகுதியோடு சேர்ந்தே வந்துவிடும், தனியாகத் தேடிப் போட வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் சில்லு புதிதாகவும் கேர்னல் பழையதாகவும் இருந்துவிட்டால் கதை முடிந்தது. இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டுக்குக் கேர்னலின் 5.10 ஆம் பதிப்பு போதும். மீடியாடெக் எம்டி7921 கார்டுக்கு 5.12 வேண்டும். ரியல்டெக் 8852பிஇ கார்டுக்கான டிரைவர் 6.2 இல்தான் சேர்ந்தது. டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையோடு வருவதோ 6.1. மீடியாடெக் எம்டி7902 என்று இன்னொன்று; அதற்கு நீண்ட காலம் டிரைவரே இருக்கவில்லை. 7921, 7902 என்ற இரண்டு இலக்கங்களையும் அவசரத்தில் வாசித்தால் யாருக்கும் மாறிப்போகும்.

இதில் மொடல் பெயரை நம்பிப் பயனில்லை. அக்காவின் மகள் கம்பஸ் போகத் தொடங்கியபோது, அவளுடைய சிநேகிதி வைத்திருந்த அதே மொடலைத் தேடி உங்களில் ஒருவரிடம் வாங்கினோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். சிநேகிதியின் மெஷினில் டெபியன் 12 போட்ட உடனே வைஃபை வேலை செய்திருந்தது. இதில் செய்யவில்லை. அதில் இருந்தது இன்டெல், இதில் ரியல்டெக். வெளியில் நிறம்கூட ஒன்றுதான். ஒரே மொடலுக்குள் வெவ்வேறு கார்டுகளைப் போட்டு அனுப்புவது கம்பெனிகளின் வழமை, அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. மெல்லிய மெஷின் என்பதால் லான் கேபிள் குத்தவும் இடமில்லை. கடைசியில் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து, அந்த டேட்டாவில் புதிய கேர்னலையும் கார்டுக்குள் ஓடும் ஃபேர்ம்வெயர் என்ற மென்பொருளையும் இறக்கித்தான் சரிசெய்தோம்.

நான் குறை சொல்வது அதற்கு முன்னர் கடையில் நடந்ததை. விஷயத்தைச் சொன்னதும், "லினக்ஸ் போட்டா வொரண்டி போயிடும்" என்றார்கள். வொரண்டி அட்டையை முழுக்க வாசித்துப் பார்த்தேன். அதில் அப்படி ஒரு வரியும் இல்லை. சரி, கார்டையே மாற்றிவிடலாம் என்றால் திருகாணியின் மேல் கடையின் ஸ்டிக்கர். அதைக் கிழித்தால் வொரண்டி நிஜமாகவே போகும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ஐத் தாண்டிய ஊர் இது. லப்டொப் ஒத்துவரவில்லை என்று இன்னொன்று வாங்க இங்கே எத்தனை வீடுகளால் முடியும்?

இன்னொன்று, இது உங்கள் கடைத் தம்பிமாருக்கு. வாடிக்கையாளருக்கு உதவி என்று நினைத்து, புது மெஷினில் உங்கள் சொந்த மைக்ரோசொஃப்ட் கணக்கைப் போட்டு விண்டோஸை ஆயத்தப்படுத்திக் கொடுக்காதீர்கள். இப்போதைய விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. பூட்டின் 48 இலக்கச் சாவி போய்ச் சேருவது அந்தக் கணக்குக்குத்தான். பின்னர் ஒருவர் லினக்ஸ் போட உட்காருவார். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல மெஷின்களில் எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற ஏற்பாடு இயங்கியபடியே வருவதால், சில இன்ஸ்டோலர்களுக்கு எஸ்எஸ்டி கண்ணிலேயே படாது. மெஷின் எழும்பும்போது வரும் பயோஸ் அமைப்பில் அதை அணைப்பார். எஸ்எஸ்டி தெரியும், ஆனால் முன்னாயத்தம் செய்திராவிட்டால் விண்டோஸ் எழும்பாது, சாவி வேறு கேட்கும். அந்தச் சாவியோ கடைத் தம்பியின் கணக்கில், தம்பி வேலை மாறிப் போயிருப்பார்.

விரல்ரேகை, கமரா, மூடி வைத்தால் பற்றரி இறங்குவது என்று வேறு தொல்லைகளும் உண்டு. அவற்றோடு காலம் தள்ளலாம். வைஃபை இல்லாமல் முடியாது.

நான் கேட்பதற்குச் செலவு கிடையாது. காட்சிக்கு வைத்த மெஷினில் அல்ல, நாங்கள் கொண்டுபோகப் போகும் மெஷினில், காசு கட்டுவதற்கு முன் டிவைஸ் மனேஜரைத் திறந்து நெட்வேர்க் அடாப்டரின் பெயரைக் காட்டுங்கள். அதை பில்லிலும் எழுதிவிடுங்கள். விண்டோஸ் இல்லாமல் 'டொஸ்' என்று எழுதி விற்கும் மெஷின்களில் டிவைஸ் மனேஜர் இருக்காது. அதற்கு உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவைக் கல்லாப்பெட்டியில் வைத்திருங்கள், அல்லது நாங்கள் கொண்டுவரும் பென் டிரைவைக் குத்திப் பார்க்க விடுங்கள். எஸ்எஸ்டியில் எதையும் எழுதாமல் ஓடும். வைஃபை, சத்தம், கமரா மூன்றையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். உங்களுக்கும் அது நல்ல சோதனைதான், பழுதான ஸ்பீக்கர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வராது.

அப்புறம் அந்த ஸ்டிக்கர். எல்லா மெஷின்களிலும் கார்டை மாற்ற முடியாது என்று தெரியும், சிலவற்றில் அது போர்டோடேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை இன்டெல் புரொசெசரோடு மட்டும்தான் ஓடும், ஏஎம்டி மெஷினுக்கு ஏஎக்ஸ்210 போன்றதுதான் சரிவரும். இதெல்லாம் உங்கள் திருத்துநர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. மாற்றக்கூடிய மெஷினில் ஸ்டிக்கரை நீங்களே கழற்றி, கார்டை மாற்றி, புது ஸ்டிக்கர் ஒட்டி, வொரண்டி அப்படியே தொடரும் என்று பில்லில் எழுதித் தாருங்கள். அதற்கு ஒரு கட்டணம் வையுங்கள், கட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்