பெயரின் வாலில் இருக்கிறது மருந்தின் வகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நர்சிங், பார்மசி மாணவர்களுக்கு மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தேர்வு நெருங்கினால் நாற்பது ஐம்பது மருந்துப் பெயர்களை நோட்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பிள்ளைகள் உருப்போடுவதைப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு மாணவி அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சரி, ஆஸ்துமா இருக்கிறவருக்கு இதில் எதைக் கொடுக்கவே கூடாது என்று கேட்டேன். பதில் இல்லை.

கரும்பலகையில் மூன்று பெயர்களையும் எழுதி, கடைசி ‘லால்’ மட்டும் அடிக்கோடிட்டேன். இவை பீட்டா பிளாக்கர்கள். இதயத்தில் இருக்கும் பீட்டா ஏற்பிகளை, அதாவது அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களை, அடைத்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கின்றன. ப்ரோப்ரனலால் இதயத்தோடு நிற்பதில்லை, மூச்சுக்குழாயில் இருக்கும் ஏற்பியையும் சேர்த்து அடைத்துவிடும், அதனால்தான் ஆஸ்துமாக்காரருக்கு அது ஆபத்து. அதே மூச்சுக்குழாய் ஏற்பியைத் தூண்டிக் குழாயை விரியச் செய்வது இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால். தூண்டுவது அகோனிஸ்ட், அடைப்பது அன்டகோனிஸ்ட். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இந்த இரண்டு சொற்களும் மறக்கவே மறக்காது. (‘மால்’ என்பதை விதியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள், பாரசிட்டமாலும் அப்படித்தான் முடிகிறது.)

இந்த வால்கள் தற்செயலாக வந்தவை அல்ல. மருந்துகளுக்குப் பொதுப்பெயர் கொடுக்கும் வேலையை உலக சுகாதார நிறுவனம் 1950-இல் தொடங்கி, 1953-இல் முதல் பட்டியலை வெளியிட்டது. ஒரே வகை மருந்துகளுக்குப் பெயரில் ஒரே அடையாளம் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ‘ப்ரில்’ என்று முடிந்தால் ஏஸ் என்ற நொதியைத் தடுத்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏஸ் இன்ஹிபிட்டர், ‘சார்டன்’ என்றால் ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை அடைப்பது, ‘ப்ரசோல்’ என்றால் வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைப்பது. பிராண்ட் பெயரில் இந்தத் துப்பு எதுவும் கிடைக்காது, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

ஆனால் வாலை மட்டும் நம்பிப் போனால் வழுக்கும் இடமும் உண்டு. நிஸ்டாட்டினை கொழுப்பைக் குறைக்கும் மருந்து என்று வருஷா வருஷம் யாராவது எழுதுகிறார்கள். அது பூஞ்சைக்கு எதிரான மருந்து, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தின் பெயரிலிருந்து வந்த பெயர். கொழுப்பைக் குறைக்கும் மருந்து என்றால் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று ‘வாஸ்டாட்டின்’ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஆஸ்பிரின். குறைந்த அளவில் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும், கூடுதல் அளவில் வலியையும் காய்ச்சலையும் தணிக்கும். அதனால் மருந்துகளை உறுப்பையும் பயனையும் வைத்துப் பிரிக்கும் ஏடிசி வகைப்பாட்டில் இரண்டு இடத்திலும் அது இருக்கிறது. ‘இது எந்த வகை?’ என்று மட்டும் கேட்டால் போதாது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழக்க வேண்டும்.

இப்போது உங்கள் நாளிதழுக்கு வருகிறேன். மருத்துவப் பக்கத்தில் ‘பக்கவிளைவு’, ‘அலர்ஜி’ இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதுகிறீர்கள். எனலாப்ரில் சாப்பிடுகிறவருக்கு வறட்டு இருமல் வந்தால் அது பக்கவிளைவு. உடலில் பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் சேர்வதால் வருவது, மருத்துவர் பெரும்பாலும் சார்டன் வகைக்கு மாற்றிவிடுவார். அலர்ஜி என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் மருந்தை எதிரியாக எடுத்துக்கொள்வது, பென்சிலினுக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுவது போல. பென்சிலினால் வெறும் வயிற்றுப்போக்கு வந்தவருக்கு ‘பென்சிலின் அலர்ஜி’ என்று கேஸ் ஷீட்டில் ஒருமுறை எழுதிவிட்டால், பிற்பாடு அந்த மருந்து நிஜமாகவே தேவைப்படும் நாளில் யாரும் கொடுக்கத் துணியமாட்டார்கள். என் மாணவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

‘பிபி மாத்திரை’, ‘சுகர் மாத்திரை’ என்று எழுதுவதில் தவறில்லை, வாசகருக்கு உடனே புரியும். பக்கத்திலேயே பொதுப்பெயரையும் வகையையும் சேர்த்து அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ‘மெட்ஃபார்மின், பைகுவனைடு வகை’ என்று போட அரை வரிகூடப் பிடிக்காது.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியை ஒருவர்